இமயமும் சம்ஹாரமும்

படைத்தல், காத்தல், அழித்தல் என்று இறைவனுடைய தொழில்களை எண்ணப் புகுந்தால் நாம் எல்லோரும் அந்த வரிசையிலேயே எண்ணுகிறோம். எண்ணும் வரிசையே நிகழும் வரிசையும் ஆகும் என்று, எவரும் போதிக்காமலே, நம்பியும் விடுகிறோம். புராணப் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்த நம் ஜனங்களுக்குச் சிருஷ்டிப்பவர் ஒருவர், ரக்ஷிப்பவர் ஒருவர், சம்ஹரிப்பவர் ஒருவர் என்ற பங்கீடு பழகிப் போயிருப்பதால், மூன்றாவது தொழில் மற்ற இரண்டும் ஓய்ந்த பிறகு வருவதென்றும், அவை எழுப்பியதை இது இடிப்பதென்றும், ஆகையால் அஞ்சி வணங்கத் தக்கதேயன்றி அன்போடு நினைக்கத் தக்கதன்றென்றும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே இந்த வரிசையைப் புரட்டி விட்டார். உலகம் எதனிடத்தில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்ற வேண்டுமாதலால், ஒடுக்குகிற கடவுளே முதற்கடவுள் என்பது அவர் முடிபு. இம்முடிபைப் பிற்காலத்தார் பெரும்பாலும் பிரளயத்தோடு பொருத்தியே விளங்கிக் கொண்டனர். கற்பத்தின் எல்லையில் யாவும் மாயையில் ஒடுங்கி, மறு கற்பத்தில் அங்கிருந்தே எழும் என்பது அதன் சாரம்.

என் ஐயம் அந்த எல்லையைப் பற்றியதன்று. ஒடுக்கத்தின் முதன்மை கற்பாந்தத்திலே மட்டும் பலிக்கிற ஒரு சித்தாந்தமா, அல்லது உலகம் நடந்துகொண்டிருக்கும் இந்த நடுக்காலத்திலேயே அழித்தல் என்பது படைத்தலின் உள்ளிருந்து தொழில் செய்கிறதா? நூற்பிரமாணங்களை மட்டும் கொண்டு இதை விசாரிப்பதைக் காட்டிலும், சிவபெருமானுடைய வாசஸ்தலம் என்று நாம் போற்றுகின்ற மலைத்தொடரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நலம் என்று தோன்றுகிறது. அந்த மலைகளைப் பற்றிச் சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் தெரிய வந்துள்ள செய்திகள், நம் ஆசாரியர்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு எடுத்தாண்டிருக்கக்கூடியவை.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கு நோக்கி வந்த இந்திய நிலப்பரப்பு ஆசியாவின் தென்விளிம்பில் மோதிற்று. மோதிய பின்னும் அது நின்றுவிடவில்லை. இன்றும் இமயத்தின் குறுக்களவு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நெரிபடுகிறது. எவரெஸ்டின் உச்சியிலுள்ள சுண்ணாம்புப் பாறையில் கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்கள் கிடக்கின்றன என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. மலை எழுந்தது, எழுந்துகொண்டும் இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் என்ற மிதமான வேகத்தில், தேய்வே இல்லாமல், 5 கோடி ஆண்டுகள் ஒரு மலை எழுந்துகொண்டே வந்திருந்தால் அதன் உயரம் இன்று 250 கிலோமீட்டராக இருந்திருக்கும். எவரெஸ்ட் 9 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. கல்லின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு, தன் பாரத்தாலேயே மலை அகலச் சரியும் என்பது இந்த வேற்றுமைக்கு ஒரு பாதிக் காரணம். மறுபாதி, எழ எழ அதை அகற்றிக்கொண்டே போன கை. மழையும் நதியும் மண்சரிவும் அந்தக் கையின் விரல்கள்தாம். எனினும் உறைபனிக் கோட்டுக்கு மேலே, சிகரங்களின் மார்பிலும் தோளிலும், அந்த வேலையைச் செய்வது பனியாறு.

பனியாறு என்றவுடனே அசையாமல் கிடக்கும் வெண்பரப்பு ஒன்று மனத்தில் தோன்றுகிறது. உண்மை அதுவன்று. ஆண்டுக்காண்டு பெய்த பனி தன் எடையாலேயே இறுகிப் பளிங்காகி, போதுமான கனம் சேர்ந்ததும், திடப்பொருளாக இருந்துகொண்டே வழியத் தொடங்குகிறது. அதன் அடித்தளத்திலே, மேலிருக்கும் பாரத்தாலும் பூமியின் உட்சூட்டாலும் உராய்வாலும், மெல்லிய நீர்ப்படலம் உண்டாகும். அந்த நீரின்மேல் வழுக்கிச் செல்லும் பனி இரண்டு விதமாய்ப் பாறையைத் தின்கிறது. தன் அடியில் பதிந்துகொண்ட கற்களால் படுகையைத் தேய்த்து மாவாக்குவது ஒன்று. பாறையின் விரிசல்களில் நீரின் அழுத்தம் கூடியும் குறைந்தும் வருவதனாலே தளர்ந்துபோன துண்டங்களை அப்படியே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவது மற்றொன்று. கோமுகத்தில் பாகீரதி சாம்பல் கலந்த பால்நிறமாய் வெளிப்படுவது அந்த மாவினால்தான். செப்புச் சொம்பில் அடைத்துக் கொண்டுவந்து பூஜை அறையில் வைக்கப்படும் கங்கா ஜலத்தில், யாத்திரிகர் அறியாமலே, இமயமும் சிறிது கரைந்து வந்திருக்கிறது.

இந்தத் தின்னலின் சுவடுகளையே நாம் மலையின் அழகு என்று கொண்டாடுகிறோம். நதி அறுத்த பள்ளத்தாக்கு குறுகிக் கூராக இருக்கும்; பனியாறு சென்ற பள்ளத்தாக்கு அகன்ற அடியும் செங்குத்தான சுவர்களும் கொண்டு தொட்டிபோல் இருக்கும். ஒரு சிகரத்தின் பல பக்கங்களிலும் பனி தங்கி, தங்கிய இடத்தைக் குடைந்து குடைந்து பின்னோக்கிச் செல்லுமானால், குடைவுகள் ஒன்றையொன்று நெருங்கி, நடுவே கொம்பு போன்ற ஒரு கூர்முனை மட்டும் எஞ்சி நிற்கும். கங்கோத்ரிப் பனியாற்றின் மேலே, தபோவனப் புல்வெளியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் 6,543 மீட்டர் உயரமுள்ள சிவலிங்கச் சிகரம் அத்தகைய எச்சந்தான். அதன் வடிவத்தைக் கண்டு கைகூப்புகிறவர்கள், எடுக்கப்பட்டது போக மிஞ்சியதைப் பார்த்தே கைகூப்புகிறார்கள். அந்த லிங்கத்தை நாட்டிய ஸ்தபதி யார் என்று கேட்டால், கூட்டிச் சேர்த்தவனைக் காட்ட முடியாது. குறைத்துக் கழித்தவனைத்தான் காட்ட முடியும்.

இதுவரை சொன்னது அழிவிலும் அழகு உண்டு என்ற அளவிலே நிற்கிறது. அதைக் கவிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதைவிடக் கடினமான ஒன்று: தேய்வு மலையின் உயரத்துக்கே காரணமாகிறது என்பது. அதற்குச் சென்னைப் பட்டணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1802-ஆம் ஆண்டு பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவை, ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை சென்றது. அங்கே ஒரு தகராறு முளைத்தது. மத்திய இந்தியாவிலுள்ள கலியான்பூருக்கும் தில்லிக்கு வடக்கேயுள்ள கலியானாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வித்தியாசத்தை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும், நட்சத்திரங்களைக் கொண்டு கணித்தபோது மற்றொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு 5 விகலைக்குச் சற்று மேல். இமயத்தின் பெருந்திரள் தூக்குக்குண்டைத் தன்பக்கம் இழுப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கருதி, கல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட் என்னும் பாதிரியார் அந்த இழுப்பைக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் மலைக்கு ஏறக்குறைய 16 விகலை இழுப்பு இருந்திருக்க வேண்டும் என்று அவர் கணக்குச் சொல்லிற்று. மலை தன் பருமனுக்குத் தகுந்தபடி இழுக்கவில்லை. 1855-இல் ஜார்ஜ் ஏரி இதற்கு ஒரு சமாதானம் கூறினார். மலைக்கு அடியில் இலேசான பாறையாலான ஆழ்ந்த வேர் ஒன்று இருக்கிறது. அந்த வேர், அடியிலுள்ள அடர்ந்த பொருளின்மேல் மிதக்கிறது என்றார். வேத புஸ்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் மலையை நிறுத்துப் பார்த்து, அது தரையில் ஊன்றி நிற்பதன்று என்ற முடிவுக்கு வழி செய்தது எனக்கு எப்போதும் இனிய செய்தி.

மலை மிதக்கிறது என்றால் மற்றது தானே பின்தொடர்கிறது. சரக்கை இறக்க இறக்கத் தோணி நீரில் எழும்புவது போல, மேலிருக்கும் பாறை அகல அகல அடிவேர் மேலே வரும். அகற்றப்படும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், காலப்போக்கில், 80 மீட்டருக்கு மேல் எழுச்சி உண்டாகும்; ஏனெனில் மேற்பாறைக்கும் அடிப்பொருளுக்கும் உள்ள அடர்த்தி விகிதம் அத்தகையது. இனி, தேய்வு மலை முழுவதும் சமமாய் நிகழாமல் பள்ளத்தாக்குகளிலேயே குவிந்தால் என்ன ஆகும்? பள்ளத்தாக்குகள் ஆழமாகும், பாரம் குறைந்ததால் தொடர் முழுவதும் எழும், தேயாமல் நின்ற சிகரங்கள் முன்னிருந்ததைக் காட்டிலும் உயர்ந்துவிடும். சராசரி உயரம் தாழ்கிறது, உச்சி ஓங்குகிறது. பீட்டர் மால்னரும் பிலிப் இங்கிலண்டும் 1990-இல் இந்தக் கருத்தை வலியுறுத்தியதோடு, மலைகள் எழுந்ததால் குளிர் வந்து பனியாறுகள் பெருகினவா, குளிர் வந்து பனியாறுகள் பெருகியதால் சிகரங்கள் எழுந்தனவா என்று, காரணகாரியத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். நிலத்தட்டுகளின் மோதலே மூலகாரணம் என்பதில் தகராறு இல்லை. பனியின் பங்கு எத்தனை என்பதில்தான் வாதம் நடக்கிறது.

நங்கபர்வதம் இதற்கு மிகத் தீவிரமான உதாரணம். 8,126 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கும் அருகே ஓடும் சிந்து நதிக்கும் மட்டத்தில் ஏறத்தாழ 7,000 மீட்டர் வேறுபாடு. கிடையான தூரமோ 25 கிலோமீட்டருக்குள். அடியில் சிந்து நதியும் மேலே பனியாறுகளும் இடைவிடாமல் கல்லை அகற்றுவதனாலேயே, சூடேறி இளகிய ஆழ்பாறை, எதிர்ப்புக் குறைந்த அந்த இடத்தை நோக்கி மேலெழுந்து வருகிறது என்று கருதும் பூகர்ப்ப சாஸ்திரிகள் உண்டு. 10 லட்சம் ஆண்டு அளவே வயதுள்ள கருங்கல் அங்கே மேற்பரப்பில் காணப்படுகிறது. பூமியின் கணக்கில் அது நேற்றுப் பிறந்த குழந்தை. அந்தப் பிரதேசத்தை ஆராய்ந்து 1997-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று வேறொரு வியப்பையும் காட்டிற்று. மிக வேகமாக எழும் பகுதியும் மெதுவாக எழும் பகுதியும், நிலத்தின் பெரும்பரப்பு எந்த உயரத்தில் அமைகிறது என்று பார்த்தால், ஒத்திருக்கின்றன. அந்த உயரம் எழுச்சியின் வேகத்தைப் பின்பற்றாமல் பனிக்கோட்டையே பின்பற்றுகிறது. எவ்வளவு கொடுத்தாலும் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் ஒரு சக்தி அங்கே குடியிருக்கிறது போலும்.

இந்த இடத்தில் கைலாயத்தைப் பற்றிச் சொல்லாமற் போவது அபசாரம். 1936-இல் அகஸ்டோ கான்ஸர் என்னும் ஸ்விஸ் பூகர்ப்ப அறிஞர், திபெத்துக்குள் அந்நியர் நுழைய அநுமதியில்லாத காலத்தில், பௌத்த யாத்திரிகராக வேஷம் பூண்டு கைலாயத்தை வலம் வந்தார். சுற்றிலும் நின்ற பக்தர்கள் மந்திரம் ஜபித்துக்கொண்டிருக்க, அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தார் (அதுவும் ஒருவகை ஜபந்தான் என்பேன்). 6,638 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் தெற்கு முகத்தில், பனி படிந்து படிக்கட்டுகள் போலத் தெரியும் கிடைவரிகளை எல்லாப் படங்களிலும் காணலாம். அவை படிவுப் பாறையின் அடுக்குகள். என்ன படிவு? உருண்ட கூழாங்கற்களும் மணலும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்னே, அங்கே நின்ற பழைய மலையொன்று தேய்ந்து சிதைந்து, நீரால் உருட்டப்பட்டு, தாழ்நிலத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் தடிப்பில் குவிந்து, இறுகிப் பாறையாகி, பின்னர் உயர்த்தப்பட்டு, பனியினாலும் நீரினாலும் மறுபடி செதுக்கப்பட்டு இந்த வடிவத்தில் நிற்கிறது. சம்ஹார மூர்த்தியின் இருப்பிடம் ஒரு சம்ஹாரத்தின் மிச்சத்தால் கட்டப்பட்டு, மற்றொரு சம்ஹாரத்தால் வடிவு பெற்றது. இதை நான் தெய்வ சங்கற்பத்துக்கு அத்தாட்சியாகக் கூறவில்லை. மெய்கண்டாரின் முதற் சூத்திரத்துக்கு ஒரு கல் உரை வேண்டுமானால் இதைவிடச் சிறந்தது கிடைப்பது அரிது என்றே கூறுகிறேன்.

சைவ சித்தாந்திகள் சற்காரியவாதிகள். உள்ளது அழியாது, இல்லது தோன்றாது என்பது அவர்கள் கொள்கை. அழித்தல் என்று நாம் சொல்வதெல்லாம் பரு வடிவம் நுண் வடிவத்தில் ஒடுங்குவதே. இமயத்திலிருந்து அகன்ற கல் எங்கே போயிற்று என்று தேடுபவன் இதை நேரே காண்கிறான். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து செல்கின்றன. அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டியது வங்கக் கடலின் அடியில் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் விரிந்து, இலங்கையின் கிழக்கே நீண்டு, பூமத்திய ரேகையையும் கடந்து கிடக்கிறது. ராமேசுவரத்தில் நீராடிக் காசி யாத்திரை புறப்படுகிறவர்கள் தேடிப் போகும் மலை, நம் கீழ்க்கடலின் ஆழத்துக்குப் பொடியாய் முன்பே வந்து சேர்ந்திருக்கிறது.

முதலிற் சொன்ன மூன்றையும் உள்ளடக்கிச் சித்தாந்தம் எண்ணும் ஐந்தொழில்களில் நான்காவதான மறைத்தலுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. எல்லாப் பனியும் பாறையைத் தின்பதில்லை. கடுங்குளிரில், அடியில் நீர்ப்படலம் உண்டாகாமல் பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பனி, வழுக்காது, ஆகவே அறுக்காது. மழையும் நதியும் தொடாதபடி பாறையைப் போர்த்தி வைத்துக் காக்கிறது. தென்னமெரிக்காவின் பட்டகோனியாப் பகுதியில், ஆண்டிஸ் மலைகளின் தென்கோடியைப் பனி அவ்விதம் காத்து உயரவும் அகலவும் விட்டிருக்கிறது என்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று வாதிக்கிறது. அறுப்பதும் பனி, மறைத்துக் காப்பதும் பனி; வேறுபாடு அடியிலுள்ள சில பாகை வெப்பத்தில் இருக்கிறது. திரோதானம் எனப்படும் அந்த மறைத்தலை அருளின் ஒரு முகமாகவே சித்தாந்தம் வைத்திருப்பதை இது நினைவூட்டுகிறது. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அது அறுந்து போகும், இத்துடன் விடுகிறேன்.

இரண்டு ஆக்ஷேபங்களுக்கு விடை சொல்ல வேண்டும். முதலாவது பௌத்தருடையது, கைலாயத்தை நம்மைப் போலவே வலம் வருகிறவர்களாதலால் அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. கல் எழுகிறது, பனி அறுக்கிறது, பாரம் குறைகிறது, மறுபடி கல் எழுகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்று நிகழும் இச்சங்கிலியில் கர்த்தா எதற்கு? வேண்டியதில்லை என்பதே நேர்மையான விடை. மலையைக் கொண்டு மகேசுவரனை நிரூபிக்க நான் வரவில்லை. அவனை முன்பே நம்புகிறவன், அவன் தொழிலாகச் சொல்லப்படும் சம்ஹாரத்துக்கு என்ன பொருள் கொள்ள வேண்டும் என்பதே என் விசாரணை.

இரண்டாவது அவ்வளவு எளிதில் விடாது. கேதாரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடியது. மந்தாகினியின் தலைப்பில், ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள நிலமே பழைய பனியாறுகள் கொண்டுவந்து போட்டது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழை பெய்து, மேலே சோராபாரிப் பனியாற்றின் கற்குவியல் கரை தேக்கி வைத்திருந்த ஏரி உடைந்து, நீரும் பாறையும் ஊரின்மேல் பாய்ந்தன. அந்த நாட்களில் உத்தராகண்டத்தில் 5,000 பேருக்கு மேல் மாண்டனர். கோயிலின் பின்னே வந்து நின்றுவிட்ட ஒரு பெரும் பாறை வெள்ளத்தை இருபக்கமும் பிரித்துவிட, கோயில் தப்பிற்று. அந்தப் பாறைக்கு இப்போது பூஜை நடக்கிறது. பாறையை வணங்குகிறவரை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் கோயிலைக் காத்தது கடவுளின் கருணை என்று சொல்லும் வாய், சில அடி தூரத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி என்ன சொல்லும்? அவர்களுடைய வினை என்று சொல்லுமானால், அதைச் சொல்ல அந்த வாய்க்கு என்ன அதிகாரம்? வினைக் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தாங்கத் தன்னிடம் சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறன் துன்பத்தின்மேல் ஒட்டத் தக்கதன்று.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அழித்தலை உயிர்களுக்கு இளைப்பாற்றல் என்று விளக்குகிறார். பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இறைவன் தரும் ஓய்வு அது என்பது கருத்து. பெருங்கருணையுள்ள விளக்கம். எனினும் அது உயிரின் நெடும் பயணத்தைப் பற்றியது; கேதாரத்தில் மகனைத் தேடி நின்ற தாயின் அன்றைய இரவைப் பற்றியதன்று. மலைக்குப் பொருந்தும் காலக்கணக்கு மனிதனுக்குப் பொருந்தாது. தேய்வதால் உச்சி உயர்கிறது என்ற உண்மை, தேய்க்கப்படும் துகளுக்குச் சொல்லப்படும்போது, உண்மையாகவே இருந்துகொண்டு கொடுமையும் ஆகிவிடுகிறது. அழித்தல் படைத்தலின் உட்கூறு என்று நான் கூறியதை இதனால் மாற்றிக்கொள்ளவில்லை. அதை ஆறுதல் மொழியாக எடுத்துச் செல்வதைத்தான் மறுக்கிறேன்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அது ஆசாரியர்கள் காலத்தில் எழாத கேள்வி. 1935-இல் ஜான் பிக்னல் ஆடன் கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பை அளந்து வரைபடமாக்கினார். அதன்பின் நடந்த அளவைகளைச் சேர்த்துப் பார்த்தால் கோமுகம் சராசரியாக ஆண்டுக்கு 20 மீட்டர் அளவில் பின்வாங்கி வந்திருக்கிறது. பனி விலகிய சுவர்கள் தாங்குதலின்றிச் சரிகின்றன. விலகிய இடங்களில், கற்குவியல்களின் பின்னே, சோராபாரியைப் போன்ற ஏரிகள் பிறக்கின்றன. சம்ஹாரத்தின் கருவியே சம்ஹரிக்கப்பட்டு வருகிறது. இந்தப் பின்வாங்கலின் முற்பகுதிக்கு, குளிர் மிகுந்திருந்த சில நூற்றாண்டுகள் 19-ஆம் நூற்றாண்டில் முடிவடைந்தது காரணமாக இருக்கலாம். 1990-களுக்குப் பிந்திய உலகளாவிய பனியாற்றுத் தேய்வுக்கு மனிதன் உண்டாக்கிய வெப்பமே பிரதான காரணம் என்பது பெரிதும் உறுதி என்று, பல நாட்டு அரசுகளும் சேர்ந்து அமைத்த பருவநிலைக் குழு 2021-இல் அறிவித்தது. ஐந்தொழிலுக்கும் கர்த்தா இறைவனே என்று சொல்லி இந்தப் பிற்பகுதியையும் அவன்மேல் ஏற்றிவிடச் சிலர் முயலக்கூடும். சித்தாந்தம் அதற்கு இடம் தராது. பழவினையாகிய சஞ்சிதத்தையும், இப்பிறவியில் புசிக்கிற பிராரத்தத்தையும், புசிக்கும்போதே புதிதாகச் சேர்க்கிற ஆகாமியத்தையும் அது பிரித்தே எழுதுகிறது. பனிக்கோட்டை மேலே துரத்திய இந்த வெப்பம் அவற்றுள் மூன்றாவதைச் சேர்ந்தது.